மூன்று இரவுப் பயணம், ஒன்றரை மாத விடுமுறை

பம்பாய்த் தமிழர்கள் ஊருக்குப் போய் வந்த கதை

நெல்லைச் சீமையின் கிராமங்களில், பம்பாயில் இருந்து வந்து இறங்குகிறவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள்.

"எப்ப வந்தீய?" என்பது முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லி வாய் மூடுவதற்குள் இரண்டாவது கேள்வி வந்துவிடும்.

"எத்தனை நாள் இருப்பீய?"

முதல் கேள்விக்கு அன்றும் இன்றும் பதில் ஒன்றுதான். "இப்பதான், காலையில." இரண்டாவது கேள்விக்கான பதில்தான் மாறிப்போய்விட்டது.

"பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற மட்டும் இருப்போம்" என்றார்கள் அன்று. "ஞாயித்துக்கிழமை கிளம்பணும்" என்கிறார்கள் இன்று.

இந்த இரண்டு பதில்களுக்கும் இடையே ஐம்பது ஆண்டுக் கதை இருக்கிறது. மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், அறுபது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அந்தக் கதையைச் சொல்வார்கள். சொல்லத் தொடங்கினால் நிறுத்தவும் மாட்டார்கள்!

பிழைக்க வந்த ஊர்

பம்பாய்க்குத் தமிழர்கள் வந்த வரலாறு மிகப் பழையது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, திருநெல்வேலிப் பகுதியில் இருந்து தோல் பதனிடும் தொழில் தெரிந்தவர்கள் தாராவிக்கு வந்து குடியேறினார்கள். அவர்கள் வழியே உறவினர்கள் வந்தார்கள். பஞ்சாலைகளிலும், துறைமுகத்திலும், ரெயில்வே பணிமனைகளிலும் வேலை தேடிப் பலர் வந்தார்கள். டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு அலுவலக வேலைக்கு வந்தவர்கள் மாட்டுங்காவில் நிறைந்தார்கள். தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காவில் 1932-இல் தொடங்கப்பட்டது என்றால், அதற்கு முன்பே அங்கே எத்தனை குடும்பங்கள் இருந்திருக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். பிறகு செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று தமிழர்கள் பரவினார்கள்.

ஆனால், எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் பம்பாயை யாரும் "ஊர்" என்று சொன்னதில்லை. பம்பாய், பம்பாய்தான். "ஊர்" என்றால் அது ஒன்றே ஒன்று. ஊருக்கு வயதான ஆச்சியிடம் போவதுதான் விடுமுறை. விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று எந்த வீட்டிலும் யோசித்ததே கிடையாது. போகும் இடம் பிறக்கும்போதே முடிவாகி இருந்தது!

பரணில் இருந்து இறங்கும் பெட்டி

பங்குனி மாதத்திலேயே ஊருக்கு ஓர் இன்லண்டு கடிதம் போகும். "தேர்வு முடிந்ததும் புறப்பட்டு வருகிறோம்" என்று இரண்டு வரி. மற்ற இடத்தில் எல்லாம் நலம் விசாரிப்பு. பதில், எழுதப் படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பையனின் கையெழுத்தில் வரும். ஆச்சி சொல்லச் சொல்ல அவன் எழுதியிருப்பான். மாடு கன்று போட்டது முதல், மாமரம் காய்த்தது வரை அதில் இருக்கும். கடைசி வரியில், வரும்போது ஒரு டார்ச் லைட்டு வாங்கி வரச் சொல்லி இருப்பார்கள்.

ஏப்ரல் பிறந்ததும் பரணில் இருந்து டிரங்குப் பெட்டி கீழே இறங்கும். படுக்கையைச் சுருட்டிக் கட்டும் ஹோல்டாலுக்குத் தூசி தட்டப்படும். திருகுமூடி போட்ட பித்தளைக் கூஜாவைப் புளி போட்டுத் தேய்த்து வைப்பார்கள். தண்ணீரை விலை கொடுத்து வாங்கலாம் என்பது அன்று யாருக்கும் தெரியாத செய்தி. நின்ற ஸ்டேஷனில் எல்லாம் குழாயைத் தேடி ஓட வேண்டும். கூஜாவோடு இறங்கிய அப்பா திரும்பி வருவதற்குள் வண்டி நகர்ந்துவிடுமோ என்று உள்ளே இருக்கும் பிள்ளைகள் அழுவது வாடிக்கை.

கட்டுச்சோறு கட்டுவது தனிக் கலை. முதல் நாள் இரவுக்குச் சப்பாத்தி. மறுநாள் காலைக்கு, மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. மதியத்துக்குப் புளியோதரை, அது இரண்டு நாளானாலும் கெடாது. தயிர்ச் சோற்றில் ஒரு சூட்சுமம் உண்டு. குழைய வடித்த சோற்றில் பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டுப் பிசைந்து எடுத்துச் செல்வார்கள். வண்டி ஓட ஓட, அது தானே தோய்ந்து தயிர்ச் சோறு ஆகிவிடும். புளிக்காது. நாவல் எழுதத் தெரியாத அம்மாக்கள், நேரத்தைக் கணக்குப் போட்டுச் சோறு பிசையத் தெரிந்திருந்தார்கள்.

அட்டை டிக்கெட்டு

பயணத்தில் சிரமமான பகுதி டிக்கெட்டு எடுப்பதுதான். கம்ப்யூட்டர் வராத காலம். முன்பதிவு தொடங்கும் நாளுக்கு முதல் நாள் இரவே விக்டோரியா டெர்மினசில் போய்த் துண்டை விரித்துப் படுத்து இடம் பிடிப்பார்கள். ஒருவர் டீ குடிக்கப் போனால், அடுத்தவர் அவர் இடத்தைக் காப்பார். விடியும்போது வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிநேகிதர்கள் ஆகி இருப்பார்கள்.

கையில் கிடைப்பது சின்னஞ்சிறு தடித்த அட்டை. அதில் தேதியை "டக்" என்று அழுத்திக் கொடுப்பார்கள். அந்த ஓசையைக் கேட்ட பிறகுதான் ஊருக்குப் போவது உறுதி! அந்த அட்டை, சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். பயணம் முடிந்தபின் டிக்கெட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள முடியாதா என்று பிள்ளைகள் ஏங்குவார்கள். வாசலில் நிற்கும் பரிசோதகர் வாங்கிக்கொண்டு விடுவார்.

1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரே ஒழிந்து, அது இரண்டாம் வகுப்பு ஆயிற்று. பெயர் மாறியதே தவிர, படுக்கும் பலகை மரப்பலகைதான். 1977 முதல் 1979 வரை ரெயில்வே மந்திரியாக இருந்த மது தண்டவதேதான், சாதாரண மக்கள் படுக்கும் பலகைக்கும் மெத்தை வேண்டும் என்று முடிவு செய்தவர். அவர் மராட்டியத்தின் கொங்கண் பகுதி மக்களால் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இரண்டு இரவு மரப்பலகையில் புரண்டு இடுப்பு வலி கண்டவர்களுக்குத்தான் அந்த இரண்டு அங்குல மெத்தையின் அருமை புரியும்.

முன்பதிவு கிடைக்காதவர்கள் பாடு தனி. பெட்டி யார்டில் இருந்து வரும்போதே ஏறித் துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டும். அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டும். சன்னல் வழியே முதலில் பிள்ளையும், பிறகு பெட்டியும், கடைசியில் அப்பாவும் உள்ளே போனது பல குடும்பங்களில் சிரித்துச் சொல்லும் கதை. அன்று யாரும் சிரிக்கவில்லை.

சாய் போய் காபி வந்தது

இரவில் புறப்படும் மெட்ராஸ் மெயில், கர்ஜத் வந்ததும் நிற்கும். மலை ஏறுவதற்காகப் பின்னால் கூடுதல் என்ஜின்கள் மாட்டுவார்கள். போர்காட் மலையில் வண்டி முனகிக்கொண்டு ஏறும். குகைகளுக்குள் நுழையும்போது பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். பம்பாயில் இருந்து புனே வரை 1930 வாக்கிலேயே மின்சார ரெயில் வந்துவிட்டது. புனேயில் மின்சார என்ஜின் விடைபெறும். நீராவி என்ஜின் காலத்தில், அதற்குப் பிறகு சன்னல் ஓரம் உட்கார்ந்தவன் கண்ணில் கரித்தூள் விழாமல் தப்பியது இல்லை. ஆனாலும் சன்னல் ஓரத்துக்குத்தான் சண்டை!

விடிந்தால் சோலாப்பூர். அங்கே போர்வை விற்பவர்கள் ஏறுவார்கள். பிறகு குல்பர்கா, வாடி, ராய்ச்சூர், குண்டக்கல். பம்பாயில் இருந்து சென்னை வரை சுமார் 1,280 கிலோ மீட்டர். இந்தத் தூரத்தைப் பிள்ளைகள் மைல்கல் பார்த்து அறிந்துகொள்ளவில்லை. எழுத்தைப் பார்த்து அறிந்துகொண்டார்கள். ஸ்டேஷன் பலகையில் மராத்தி மறைந்து கன்னடம் வரும். கன்னடம் மறைந்து தெலுங்கு வரும். "சாய், சாய்" என்று கேட்ட குரல், குண்டக்கல்லைத் தாண்டும்போது "காபி, காபி" என்று மாறி இருக்கும். பூகோளப் பாடத்தில் படிக்காததைப் பிள்ளைகள் காதால் கேட்டுப் படித்தார்கள்.

கிருஷ்ணா நதிப் பாலத்தில் வண்டி தடதடக்கும்போது பெரியவர்கள் காசு வீசிக் கும்பிடுவார்கள். துங்கபத்திரையிலும் அப்படியே. மத்தியானம் எதிர் இருக்கைக்காரரின் சோறு இங்கேயும், இங்கே உள்ள சோறு அங்கேயும் போகும். அவர் சேலத்துக்காரராகவோ, வட ஆற்காட்டுக்காரராகவோ இருப்பார். பிரியும்போது விலாசம் எழுதிக் கொள்வார்கள். அப்படிப் பழகிச் சம்பந்தம் செய்துகொண்டவர்களும் உண்டு.

மூன்றாம் நாள் கருக்கலில், ரேணிகுண்டாவைத் தாண்டிய பிறகு அப்பா பிள்ளைகளை எழுப்புவார். திருத்தணி வரப்போகிறது! 1960-இல் தமிழகத்துடன் சேர்ந்த ஊர் அது. வண்டியில் இருந்தே மலை தெரியும். உட்கார்ந்த இடத்தில் இருந்தே முருகனைக் கும்பிடுவார்கள். அந்தப் பக்கத்துப் பலகைகளில்தான் தமிழ் எழுத்து முதலில் கண்ணில் படும். பம்பாயில் ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளை, அதை எழுத்துக் கூட்டிப் படித்தால் போதும். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

சென்னையில் ஒரு பகல்

சென்னை சென்டிரலில் இறங்கினால் பயணம் முடியவில்லை. பாதிதான் ஆகி இருக்கிறது. தென் மாவட்டங்களுக்குப் போகும் வண்டிகள் எழும்பூரில் இருந்து புறப்படும். அது மீட்டர் கேஜ் பாதை. சென்டிரல் வந்த அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1.676 மீட்டர், எழும்பூர்ப் பாதையில் ஒரே ஒரு மீட்டர். எனவே மூட்டை முடிச்சுகளை எல்லாம் இறக்கி, சைக்கிள் ரிக்ஷாவிலோ ஜட்கா வண்டியிலோ ஏற்றி எழும்பூருக்குப் போக வேண்டும். மாலையில்தான் நெல்லை எக்ஸ்பிரஸ்.

இன்றைய கணக்கில் அது வீணாய்ப் போன ஒரு நாள். பிள்ளைகளுக்கோ அது திருவிழா! சென்டிரலை ஒட்டியே மூர் மார்க்கெட்டு இருந்தது. பழைய புத்தகம் முதல் புறாக்குஞ்சு வரை அங்கே கிடைக்கும். அருகிலேயே மிருகக்காட்சி சாலை. கொஞ்சம் தள்ளினால் எழும்பூர் அருங்காட்சியகம். சாயந்திரம் நேரம் இருந்தால் கடற்கரை. 1985-இல் மூர் மார்க்கெட்டு தீக்கு இரையாயிற்று. மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போய்விட்டது. மார்க்கெட்டு இருந்த இடத்தில் இன்று புறநகர் ரெயில் நிலையம் இருக்கிறது.

நெல்லை எக்ஸ்பிரசில் ஏறிய பிறகு எல்லோருமே சொந்தக்காரர்கள் மாதிரி. பேச்சில் நெல்லைத் தமிழ் கேட்கத் தொடங்கிவிடும். மணப்பாறையில் முறுக்கு, சாத்தூரில் காராச்சேவு, கோவில்பட்டியில் கடலை மிட்டாய் என்று இரவெல்லாம் குரல் கேட்கும். விடியும்போது வெளியே கரிசல் நிலமும் பனைமரமும். தாழையூத்து சிமெண்டு ஆலையின் புகைபோக்கி தெரிந்ததும் அம்மா தலையை வாரிக் கொள்வார். பிள்ளைகளின் முகத்தைக் கூஜாத் தண்ணீரால் துடைப்பார். மூன்று இரவுப் பயணக் கரியோடு ஊரில் போய் இறங்க முடியுமா?

ஊர் தந்த பாடம்

பஸ் நிற்கும் இடத்தில் மாமா காத்திருப்பார். எந்தப் பஸ் என்று சொல்ல வழி இல்லை. காலை முதல் வரும் பஸ்களை எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பார். காத்திருப்பதை அந்தக் காலத்தில் யாரும் வேலையாகக் கருதவில்லை.

பிறகு நாற்பது, நாற்பத்தைந்து நாட்கள். நிகழ்ச்சி நிரல் எதுவும் கிடையாது. காலையில் பதநீர், பகலில் நுங்கு. தாமிரபரணியில் குளியல். சித்திரையில் ஊர் அம்மன் கோவிலில் கொடை என்றால், விடிய விடிய வில்லுப்பாட்டு. வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர். ஒரு நாள் பாபநாசம் போய் அகஸ்தியர் அருவியில் குளித்துவிட்டு வருவார்கள். இரவில் முற்றத்தில் பாய். ஆச்சி கதை சொல்ல, கேட்டுக்கொண்டே தூக்கம்.

இந்த நாட்களில்தான் பம்பாய்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் வந்தது. வீட்டில் பேசும் நாலு வார்த்தைத் தமிழ் அல்ல. கோபப்படவும், கேலி பேசவும், கெஞ்சவும் தெரிந்த தமிழ். பெரியம்மா யார், சித்தி யார், மதினி யார், யாரை "நீங்க" என்று சொல்ல வேண்டும், யாரை "ஏலே" என்று கூப்பிடலாம் என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில் இல்லை. ஒரு வாரத்தில் வருவதும் இல்லை. முதல் வாரம் பிள்ளைகள் கூச்சப்பட்டு அம்மா முந்தானைக்குள் ஒளிவார்கள். இரண்டாவது வாரம் சண்டை போடுவார்கள். மூன்றாவது வாரம்தான் உறவு ஆவார்கள்.

ஒரே ஒரு குறை உண்டு. ஜூன் மாதம் குற்றாலத்தில் சாரல் தொடங்கும். ஆனி மாதம் நெல்லையப்பர் கோவில் தேரோட்டம். பம்பாயில் மழையோடு பள்ளிக்கூடம் திறக்கும் காலமும் அதுதான். எனவே, சீசன் தொடங்கும் நேரம் பார்த்து ஊரைவிட்டுப் புறப்பட வேண்டும். குற்றாலத்துக்கு அருகிலேயே ஊர் இருந்தும், சீசன் அருவியைப் பார்க்காமலே வளர்ந்த பம்பாய்ப் பிள்ளைகள் பலர்.

புறப்படும் நாளில் டிரங்குப் பெட்டி வந்ததைவிடக் கனமாக இருக்கும். கருப்பட்டி, வடகம், மோர்மிளகாய், ஊறுகாய், இடித்த மிளகாய்த்தூள், அல்வா. ஆச்சி முந்தானை முடிச்சில் இருந்து ஒரு ரூபாயை எடுத்துப் பேரன் கையில் வைத்து அழுத்துவார். பஸ் திரும்பும்வரை வாசலிலேயே நிற்பார்.

எல்லாம் இனிப்பு அல்ல

பழைய காலத்தைப் பற்றிப் பேசும்போது இனித்தவை மட்டுமே நினைவுக்கு வரும். கசந்தவற்றையும் சொல்வதுதான் நியாயம்.

ஆண்டுதோறும் ஊருக்குப் போக முடிந்தவர்கள், இலவசப் பாஸ் பெற்ற ரெயில்வே ஊழியர்களும், சம்பளத்தோடு விடுப்பு எடுக்க முடிந்த அலுவலக ஊழியர்களும்தான். தோல் தொழிலாளியும், கூலித் தொழிலாளியும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் போவார்கள். விடுப்பு எடுத்த நாளுக்குக் கூலி இல்லை. பம்பாய்க்காரர் வெறுங்கையோடு ஊருக்குப் போக முடியுமா? அக்காளுக்குச் சேலை, அத்தானுக்கு வேட்டி, பிள்ளைகளுக்குச் சட்டை என்று வாங்க வேண்டும். சீட்டு எடுத்தும், நகையை அடகு வைத்தும், கடன் வாங்கியும் போனவர்கள் ஏராளம். ஊரில் அவரைப் பணக்காரர் என்று நினைப்பார்கள். திரும்பி வந்து ஓர் ஆண்டு கடன் அடைப்பார்.

பெண்களுக்கு அது ஓய்வாகவும் இல்லை. பம்பாயில் நாலு பேருக்குச் சமைத்தவர், ஊரில் பதினைந்து பேருக்குச் சமைத்தார். பிறந்த வீட்டில் எத்தனை நாள், புகுந்த வீட்டில் எத்தனை நாள் என்ற கணக்கில் மனத்தாங்கல்கள் வந்தன.

எல்லாவற்றையும்விடப் பெரிய துயரம் ஒன்று உண்டு. அது தந்தி.

"தாயார் கவலைக்கிடம். உடனே புறப்படவும்" என்று தந்தி வந்தால், அதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். மகன் உடுத்த துணியோடு ஓடுவான். முன்பதிவு இல்லாமல், கழிவறை ஓரம் நின்றுகொண்டே போவான். ஆனாலும் மூன்று இரவுகள் ஆகும். ஊரில் அதுவரை உடலை வைத்திருக்க முடியாது. தம்பியோ, பங்காளியோ கொள்ளி வைத்திருப்பார்கள். மூத்த மகன் போய்ச் சேரும்போது, வீட்டில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். பதினாறாம் நாள் காரியம்வரை இருந்துவிட்டு, மொட்டைத் தலையோடு பம்பாய்க்குத் திரும்புவான். பெற்றவளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாத அந்த வேதனையைச் சாகும்வரை சுமந்தவர்கள் தாராவியிலும் மாட்டுங்காவிலும் எத்தனையோ பேர்.

2013 ஜூலையில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டது. அன்று பலர் பழைய நினைவில் வருந்தினார்கள். தந்தியைக் கையில் வாங்கி நடுங்கியவர்கள் வருந்தி இருக்க மாட்டார்கள்.

பாதைகள் அகலமாயின

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1979-இல் திருவனந்தபுரம் - கன்னியாகுமரி அகலப் பாதை திறக்கப்பட்டது. 1981-இல் அது நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலியைத் தொட்டது. சென்னைக்குப் போய் வண்டி மாறாமலே தென்கோடிக்குப் போக வழி பிறந்தது. 1986-இல் டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கி, மற்ற நகரங்களுக்கும் பரவியது. துண்டு விரித்துப் படுத்த இரவுகள் முடிந்தன.

1990-களிலும் அதற்குப் பிறகும் தென் மாவட்ட மீட்டர் கேஜ் பாதைகள் படிப்படியாக அகலமாயின. 1998 ஜனவரி 26 அன்று, சுமார் 740 கிலோ மீட்டர் நீளமுள்ள கொங்கண் ரெயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது. மேற்குக் கரை வழியாகவே தெற்கே போக முடிந்தது. 2002-இல் வீட்டில் உட்கார்ந்தே இணையத்தில் டிக்கெட்டு எடுக்கும் வசதி வந்தது. இன்று மும்பையில் இருந்து நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் வண்டி மாறாமல் போகலாம். மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ விமானத்தில் போனால் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான்.

தாயாருக்கு உடல்நிலை மோசம் என்று காலையில் செல்போனில் செய்தி வந்தால், மாலைக்குள் மகன் கட்டில் அருகே நிற்கலாம். கையைப் பிடிக்கலாம். ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாம். இந்த ஒன்றுக்காகவே புதிய காலத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

டிக்கெட்டுக் கவலை மட்டும் இன்னும் தீரவில்லை. 120 நாட்களாக இருந்த முன்பதிவுக் காலம், 2024 நவம்பர் முதல் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. கோடைக்கால டிக்கெட்டுகள் காலை எட்டு மணிக்குத் திறந்து, சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றன. முன்பு வரிசையில் நின்றவர்கள் ஒருவருக்கொருவர் சிநேகிதர்கள் ஆனார்கள். இப்போது வரிசையில் யார் நிற்கிறார்கள் என்பதே தெரியாது.

பதில் ஏன் மாறியது?

பயணம் மூன்று இரவில் இருந்து மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. அப்படியானால், மிச்சமான நாட்கள் ஊருக்குத்தானே கிடைத்திருக்க வேண்டும்? கிடைக்கவில்லை. பயணம் சுருங்கச் சுருங்க, தங்கும் நாளும் சுருங்கிவிட்டது.

மூன்று இரவு கஷ்டப்பட்டுப் போனவன், மூன்று நாளில் திரும்ப முடியாது. தூரம்தான் அவனைப் பிடித்து உட்கார வைத்தது. இன்று நினைத்தால் போகலாம் என்று இருப்பதால், நினைத்தால் திரும்பவும் முடிகிறது. "அடுத்த முறை நிறைய நாள் இருக்கிற மாதிரி வருகிறோம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல முடிகிறது.

பழியை விமானத்தின் மேல் மட்டும் போட முடியாது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் பத்து நாள் விடுப்பு கிடைப்பதே அரிது. பத்தாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குக் கோடையிலும் டியூஷன். ஊரிலும் மாற்றம். மாமா பிள்ளைகள் சென்னையிலோ, கோவையிலோ, வளைகுடா நாட்டிலோ இருக்கிறார்கள். விளையாட ஆள் இல்லாத ஊரில் பிள்ளைக்கு என்ன வேலை? கழிவறை, குளிர்சாதனம் எல்லாம் எப்படி இருக்குமோ என்ற தயக்கம் வேறு. எனவே, குற்றாலத்தில் அறை எடுத்து இரண்டு நாள் தங்கி, ஊருக்குப் போய் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கும், மணப்பாறை முறுக்குக்கும் இன்று புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இரண்டையும் மும்பையில் இருந்தபடியே தருவித்துச் சாப்பிடலாம். ஆனால், ஆச்சியை அப்படித் தருவிக்க முடியாது. மூன்றாவது வாரத்தில் பிறக்கும் உறவை, மூன்று நாளில் பெற முடியாது. இதுதான் கணக்கு.

கேட்க ஆள் இருக்கும்போதே...

பழைய ரெயிலும், மரப்பலகையும், கரித்தூளும் திரும்பி வரப்போவது இல்லை. வரவும் வேண்டாம். தந்திக்கு நடுங்கிய காலம் மீண்டும் எதற்கு? ஆனால், அந்தக் காலத்து விடுமுறையில் இருந்த ஒன்றை மட்டும் இன்றும் எடுத்துக் கொள்ளலாம். அதற்குப் பணம் தேவை இல்லை. நாட்கள்தான் தேவை.

பெற்றோர் இருவரும் போக முடியாவிட்டால், பிள்ளைகளை மட்டுமாவது தாத்தா, ஆச்சியிடம் இருபது நாள் விட்டுவிட்டு வரலாம். பத்தாம் வகுப்பு வருவதற்கு முன், இரண்டு மூன்று கோடைகளாவது அவர்களுக்கு ஊரில் கிடைக்கட்டும். ஒருமுறையாவது ரெயிலில் கூட்டிச் செல்லலாம். பலகையில் எழுத்து மாறுவதையும், சாய் காபியாக மாறுவதையும் அவர்கள் காதால் கேட்கட்டும். திருத்தணியில் எழுப்பி விடலாம்.

ஊர் வீடுகள் பலவற்றில் இன்று பூட்டுத் தொங்குகிறது. சில வீடுகளில் மட்டும் திண்ணையில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருக்கிறார். கண் சரியாகத் தெரியாவிட்டாலும், தெருமுனையில் கார் திரும்பும் ஓசை கேட்டால் நிமிர்ந்து பார்க்கிறார். வந்து இறங்கியவர்களின் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்த இரண்டு கேள்விகளையும் கேட்கிறார்.

"எப்ப வந்தீய? எத்தனை நாள் இருப்பீய?"

பூட்டிய வீடு அப்படிக் கேட்காது. கேட்க ஆள் இருக்கும் வீட்டுக்குப் போகிறவர்கள், இந்தக் கோடையிலாவது அந்த இரண்டாவது கேள்விக்குப் பழைய பதிலைச் சொல்லிப் பார்க்கட்டும்.